முதலில் மொட்டை மாடி, அப்புறம் ஃபோன்: பதின்ம வயது மகளை ரீல்ஸிலிருந்து விளையாட்டுக்குக் கொண்டுவருவது எப்படி?

ஆறாம் வகுப்பு வரை தெருவில் நொண்டியும் ஓடிப்பிடித்தும் ஆடிக்கொண்டிருந்த பெண், வயதுக்கு வந்த பிறகு சாயங்காலம் வாசலுக்கு வருவதே குறைந்துபோகிறது. எட்டாம் வகுப்பில் டியூஷன் சேர்ந்துகொள்கிறது. ஒன்பதாம் வகுப்பில் பிடி (உடற்கல்வி) பீரியடைக் கணக்குப் பாடம் எடுத்துக்கொள்கிறது. இவ்வளவும் நடந்து முடிந்த பிறகுதான் ஃபோன் முழு நேரமாக அவள் கைக்கு வருகிறது. தோழிகளோடு சிரிக்கவும், புது உடையில் தன்னைப் பார்த்துக்கொள்ளவும், வெளியே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளவும் அவளுக்கு மிச்சம் இருப்பது அந்தத் திரை ஒன்றுதான்.

இந்த வரிசையைக் கவனியுங்கள். விளையாட்டு முதலில் போனது. காலியான இடத்தில் ஃபோன் வந்து உட்கார்ந்தது. திருத்துவதும் அதே வரிசையில் நடந்தால்தான் நிற்கும். ஃபோனைப் பிடுங்கி அலமாரியில் பூட்டும் வீடுகளில் முதல் மூன்று நாள் அழுகை, நான்காம் நாள் பாட்டியின் ஃபோன், இரண்டாம் வாரம் தோழியின் ஃபோனில் ரகசியக் கணக்கு என்றுதான் போகும். அதனால் இங்கே சொல்லும் எட்டு வாரத் திட்டத்தில் முதல் இரண்டு வாரம் ஃபோனில் கை வைக்க வேண்டாம்.

எவ்வளவு அசைவு தேவை என்பதற்கு உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் இருக்கிறது. 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு வாரம் முழுக்கச் சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிடம், மூச்சு வாங்கும் அளவுக்கு உடல் உழைக்க வேண்டும். அதில் வாரம் மூன்று நாளாவது எலும்பையும் தசையையும் பலப்படுத்தும் பயிற்சி வேண்டும். 146 நாடுகளின் 2016-ம் ஆண்டு நிலவரத்தைத் தொகுத்துப் பார்த்தபோது 11 முதல் 17 வயதுப் பெண்களில் 85 சதவீதம் பேர் இந்த அளவை எட்டவில்லை. பையன்களில் 78 சதவீதம். உங்கள் மகள் மட்டும் சோம்பேறி என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

முதல் வாரம்: எழுதி வைப்பது மட்டும்

ஒரு பழைய நோட்டு போதும். ஞாயிறு இரவு மகளோடு உட்கார்ந்து அவளே ஃபோனைத் திறந்து காட்டட்டும். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸுக்குள் 'டிஜிட்டல் வெல்பீயிங்', ஐஃபோனில் செட்டிங்ஸுக்குள் 'ஸ்கிரீன் டைம்'. நான்கு எண்கள் வேண்டும்: ஒரு நாளைக்கு மொத்தம் எத்தனை மணி நேரம், அதில் எந்த ஆப் எவ்வளவு, நாளொன்றுக்கு எத்தனை முறை ஃபோன் திறக்கப்பட்டது, இரவில் கடைசியாக எத்தனை மணிக்கு. கடைசி எண்ணை ஃபோன் நேரடியாகக் காட்டாவிட்டால், அன்றைய நாளின் மணிவாரிக் கோடுகளைப் பார்த்தால் தெரியும்.

யூடியூபில் பாடம் கேட்ட நேரத்தைத் தனியாகக் கழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் "நான் படிச்சதையும் சேத்துச் சொல்றீங்க" என்று முதல் நாளே சண்டை வரும். அவள் சொல்வதும் நியாயம்தான். அம்மாவின் ஃபோனில் பார்த்த ஷார்ட்ஸையும் வாட்ஸ்ஆப்பில் வந்து குவியும் ரீல்ஸையும் கணக்கில் சேர்க்க மறந்துவிடக் கூடாது.

பக்கத்திலேயே இன்னொரு வரிசை: அன்று எத்தனை நிமிடம் மூச்சு வாங்க அசைந்தாள். இதற்குக் கடிகாரமோ வாட்சோ வேண்டாம். பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் மிதமான உழைப்பு. நாலு வார்த்தைக்கு மேல் தொடர்ந்து பேச முடியவில்லை என்றால் கடுமையான உழைப்பு. பாட்டுப் பாடிக்கொண்டே செய்ய முடிகிறது என்றால் கணக்கில் சேராது. பாத்திரம் தேய்ப்பதும் துணி மடிப்பதும் பெரும்பாலும் இந்த மூன்றாவது வகை. வீட்டு வேலையை உடற்பயிற்சி என்று எழுதிவிட்டு, அண்ணனை மட்டும் மட்டையோடு கிரவுண்டுக்கு அனுப்பும் வீடு என்றால், முதலில் அந்தப் பாத்திரத்தை இரண்டு பேருக்கும் பிரித்துக் கொடுங்கள். அவளுக்கு மாலையில் முக்கால் மணி நேரம் கிடைக்கும்.

இந்த வாரம் முழுக்க எண்களைப் பார்த்து ஒரு வார்த்தையும் சொல்லாதீர்கள். முகம் சுளித்தாலே அடுத்த வாரம் எண்கள் மறைக்கப்படும்.

பார்ப்பது வழக்கமா, பிடியை மீறியதா என்று தெரிந்துகொள்ள நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய ஆறு கேள்விகள் உதவும். கடந்த ஒரு வருடத்தில் எத்தனை முறை என்று ஒவ்வொன்றுக்கும் 1 (மிக அரிது) முதல் 5 (மிக அடிக்கடி) வரை அவளே மதிப்பெண் போடட்டும். சமூக ஊடகத்தைப் பற்றியே அதிக நேரம் நினைத்துக்கொண்டிருந்தாயா? இன்னும் இன்னும் பார்க்க வேண்டும் என்ற உந்துதல் வந்ததா? மனக்கஷ்டத்தை மறக்கப் பார்த்தாயா? குறைக்க முயன்று முடியாமல் போனதா? பார்க்க முடியாதபோது எரிச்சலோ தவிப்போ வந்ததா? படிப்பு கெடும் அளவுக்குப் போனதா? மொத்தம் 30. ஹங்கேரி பள்ளி மாணவர்களிடம் நடத்தி 2017-ல் வெளியான ஆய்வு, 19-ம் அதற்கு மேலும் வந்தால் ஆபத்து வரிசை என்று வைத்தது. இது நோய் என்று சொல்லும் சோதனை கிடையாது. சமூக ஊடக அடிமைத்தனம் உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் தனி நோயாக இன்னும் சேரவும் இல்லை (வீடியோ கேம் சேர்ந்திருக்கிறது). அவள் எந்தக் கேள்விக்கு 4, 5 போட்டாள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மூன்றாவது கேள்விக்கு 5 என்றால், ஃபோனைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்தக் கஷ்டம் என்ன என்று கேட்க வேண்டும்.

ஏன் கீழே வைக்க முடிவதில்லை

ரீல்ஸுக்கு முடிவு கிடையாது. பத்திரிகையில் கடைசிப் பக்கம் உண்டு, சீரியலில் 'தொடரும்' உண்டு. இங்கே விரல் தள்ளத் தள்ள அடுத்தது வரும். பத்தில் ஒன்றுதான் மனதுக்குப் பிடித்ததாக இருக்கும், அந்த ஒன்று எப்போது வரும் என்று தெரியாது. அந்தத் தெரியாமைதான் விரலை நகர்த்துகிறது. ஸ்னாப்சாட்டில் இரண்டு தோழிகள் 24 மணி நேரத்துக்குள் மாறி மாறிப் படம் அனுப்பாவிட்டால் 'ஸ்ட்ரீக்' (விடாமல் அனுப்பிவந்த நாட்களின் கணக்கு) அறுந்துவிடும். 200 நாள் காப்பாற்றிய ஸ்ட்ரீக்கை உங்கள் கோபம் ஒரே இரவில் அறுத்தால், அவளைப் பொறுத்தவரை ஒரு நட்பை முறித்துவிட்டீர்கள்.

இன்னொன்றும் உண்டு. 'முப்பது நாளில் இடுப்பு குறைய' என்று வரும் ஒர்க்அவுட் ரீல்ஸைப் பார்த்து அவள் பயிற்சி தொடங்கினால் மகிழ வேண்டாம். உடம்பு பிடிக்காமல் தொடங்கும் பயிற்சி சாப்பாட்டைக் குறைப்பதில் போய் முடியும். இந்தத் திட்டத்தில் எடை மெஷினுக்கு வேலையே இல்லை. அவள் முன்னால் எடை, நிறம், இடுப்பு என்று பேசுவதை வீட்டில் எல்லோரும் நிறுத்த வேண்டும், சித்தி, அத்தை உட்பட.

இரண்டாம் வாரம்: அசைவைச் சேர்ப்பது

நோட்டில் எந்த நேரத்தில் ஸ்க்ரோல் அதிகம் என்று பாருங்கள். பள்ளி விட்டு வந்து பையைப் போட்டதும் மாலை ஐந்தரையிலிருந்து ஏழு வரை ஒன்று, இரவு ஒன்பதரைக்கு மேல் ஒன்று என்று இரண்டு மேடுகள் இருப்பதுதான் வழக்கம். மாலை மேட்டில்தான் அசைவை வைக்க வேண்டும். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுப்பி நடக்க வைக்கும் திட்டம் பத்து நாளுக்கு மேல் ஓடாது; இரவு பன்னிரண்டுக்குத் தூங்கியவளை எழுப்புவது தண்டனைதான்.

60 நிமிடத்தை ஒரே மூச்சில் தேட வேண்டாம். ஒரு ஸ்டாப் முன்னதாகவே பஸ்ஸிலிருந்து இறங்கி வேகமாக நடந்தால் 12 நிமிடம். மாடியில் ஸ்கிப்பிங் 12 நிமிடம். தோழிகளோடு எறிபந்து அரை மணி. கூட்டிப் பார்த்தால் கிட்டத்தட்ட வந்துவிட்டது. இப்போது 10 நிமிடம்தான் அசைகிறாள் என்றால் இந்த வாரம் 20 போதும். வாரத்துக்கு 10 நிமிடம் கூட்டினால் ஆறாவது வாரத்தில் 60.

ஸ்கிப்பிங்கை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. வளர்ச்சி வேகம் எடுக்கும் இரண்டு வருடத்தில், பெண்களுக்கு ஏறக்குறைய பன்னிரண்டரை வயதை ஒட்டி, வாழ்நாள் எலும்பின் கால் பங்கு படிகிறது. குதித்து இறங்கும் அதிர்ச்சிதான் எலும்புக்கு உரம். சைக்கிளும் நீச்சலும் நெஞ்சுக்கு நல்லவை, ஆனால் இந்த வேலையைச் செய்யாது. அதோடு ஸ்கிப்பிங்குக்கு ஆறடிக்கு ஆறடி இடமும் நூறு, நூற்றைம்பது ரூபாய்க் கயிறும் போதும், யார் அனுமதியும் வேண்டாம்.

பிவிசி கயிறு வாங்குங்கள். பருத்திக் கயிறு சுருண்டுகொண்டு காற்றில் தடுமாறும். கயிற்றின் நடுவில் ஒரு காலால் மிதித்து இரண்டு கைப்பிடிகளையும் மேலே இழுத்தால் அவை அக்குள் உயரத்துக்கு வர வேண்டும். தோளுக்கு மேல் போனால் நீளம் அதிகம், தரையில் அடித்து எழும்பிக் காலில் சிக்கும்; கைப்பிடிக்குக் கீழே ஒரு முடிச்சுப் போட்டால் சரியாகிவிடும். நெஞ்சுக்குக் கீழே நின்றால் தலையில் தட்டும், கயிற்றை மாற்றத்தான் வேண்டும்.

முழங்கை விலாவை ஒட்டி இருக்கட்டும், சுற்றுவது மணிக்கட்டு மட்டும். முன்பாதத்தில் இறங்கி முழங்கால் லேசாக மடங்க வேண்டும். தரையிலிருந்து இரண்டு விரல் உயரம் எழும்பினால் போதும். புதிதாகக் குதிக்கிறவர்கள் அரையடி எழும்பிக் குதிகாலில் 'தொம்'மென்று விழுவார்கள். நான்காம் நாளில் முன்னங்கால் எலும்பை ஒட்டி வலி வருவது இதனால்தான். சத்தத்தைக் கேட்டே திருத்தலாம்: கால் விழும் சத்தம் கீழ்வீட்டுக்குக் கேட்டால் தவறு, கயிற்றின் 'விஸ்'ஸென்ற ஒலி மட்டும் கேட்டால் சரி.

மூன்று நிமிடம் இடத்திலேயே நடை, கணுக்காலைச் சுற்றுதல், பிறகு குதிப்பு. ஒரு நாள் விட்டு ஒரு நாள், வாரம் மூன்று நாள் மட்டும்.

குதிக்கத் தொடங்கும் முதல் வாரம் 20 விநாடி குதித்து 40 விநாடி ஓய்வு, 8 சுற்று.
அடுத்த வாரம் 30 விநாடி குதித்து 30 ஓய்வு, 10 சுற்று.
மூன்றாம் வாரம் 40 விநாடி குதித்து 30 ஓய்வு, 10 சுற்று.
நான்காம் வாரம் ஒரு நிமிடம் குதித்து 30 விநாடி ஓய்வு, 8 சுற்று.

கயிறு சிக்கினால் சுற்றை முதலிலிருந்து தொடங்க வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடரலாம். முன்னங்காலில் பரவலாக வலித்தால் நான்கு நாள் ஓய்வும் உயரம் குறைந்த குதிப்பும் போதும். எலும்பில் ஒரே புள்ளியை விரலால் அழுத்தும்போது சுருக்கென்று வலித்தால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். எலும்பில் மயிரிழை விரிசலாக இருக்கலாம்.

மாடியில் ஏறும் முன் மூன்று விஷயம் பாருங்கள். கைப்பிடிச் சுவர் அவள் நெஞ்சளவு உயரமாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சுவரிலிருந்து ஆறடி தள்ளிக் கோடு போட்டுக்கொள்ளலாம். மழைக்காலத்தில் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிப் பாசி பிடித்திருக்கும், அந்தப் பக்கம் வேண்டாம். சித்திரை, வைகாசியில் சிமெண்டுத் தரை சாயங்காலம் ஆறு மணிக்கும் அனலாக இருக்கும். ஒரு வாளி தண்ணீர் ஊற்றிக் காய்ந்த பிறகு ஷூவோடு குதிக்கட்டும்.

தோழி வந்தால்தான் அவளும் வருவாள்

இந்த வயதில் ஆரோக்கியத்துக்காக யாரும் விளையாட வருவதில்லை. கவிதா வருகிறாள் என்றால் வருவார்கள். ஆகவே உங்கள் முதல் வேலை மகளைத் தயார் செய்வதைவிட, அதே தெருவில் இன்னும் இரண்டு அம்மாக்களிடம் பேசுவது. மூன்று பெண்கள் சேர்ந்தால் ஒருத்திக்கு முடியாத நாளிலும் ஆட்டம் நிற்காது. போகவர வழித்துணைக்கும் ஆயிற்று.

ஆட்டத்தை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். எறிபந்தும் ரிங் பாலும் தமிழ்நாட்டுப் பள்ளிப் பெண்களுக்குப் பழகியவை, இரண்டு கம்பமும் ஒரு கயிறும் இருந்தால் தெருவிலேயே ஆடலாம். கோ-கோ ஐந்தே நிமிடத்தில் மூச்சு வாங்க வைக்கும். கபடி வேண்டும் என்று கேட்டால் "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குக் கபடி" என்று சொல்லிவிடாதீர்கள். 2025-ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வாங்கிய இந்தியப் பெண்கள் அணியில் ஆடியவர் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா. முறையாகக் கற்க வேண்டுமென்றால் உங்கள் மாவட்ட விளையாட்டு அரங்கத்தில் எந்தெந்த ஆட்டங்களுக்குப் பயிற்சியாளர் இருக்கிறார் என்று நேரில் போய்க் கேளுங்கள்.

நடனம் பிடித்த பெண் என்றால் ரீல்ஸே உதவிக்கு வரும். ஒரு முப்பது விநாடிப் பாட்டுக்கு இருபது முறை ஆடிப் பழகுவது நல்ல உழைப்பு. ஃபோனை முன்னால் நிறுத்தி ஒவ்வொரு தடவையும் எடுத்துப் பார்த்து, அழித்து, ஃபில்டர் மாற்றி என்று போனால் ஒரு மணி நேரத்தில் ஆடியது எட்டு நிமிடம்தான் இருக்கும். பாட்டு ஸ்பீக்கரில் ஓடட்டும், ஃபோன் சுவர்ப்பக்கம் திரும்பி இருக்கட்டும், அரை மணி ஆடிய பிறகு கடைசியில் ஒரே ஒரு ஷாட். வெளியிடுவதா வேண்டாமா என்பது மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.

அவள் வெளியே சொல்லாத தடைகள்

"போர் அடிக்குது", "கால் வலிக்குது" என்று சொல்வதற்குப் பின்னால் பெரும்பாலும் உள்ளாடை இருக்கும். பிரிட்டனில் இரண்டாயிரம் பள்ளி மாணவிகளிடம் கேட்டு 2016-ல் வெளியான ஆய்வில், மார்பகம் காரணமாகப் பள்ளி விளையாட்டில் சிரமம் என்று சொன்னவர்கள் 46 சதவீதம். நம் வீட்டில் இதை அம்மாவிடம்கூடச் சொல்ல மாட்டாள். ஸ்போர்ட்ஸ் பிரா வாங்கும்போது மார்புக்குக் கீழே இஞ்ச் டேப்பால் அளந்துகொள்ளுங்கள். போட்ட பிறகு கீழ்ப்பட்டையில் இரண்டு விரல் நுழைய வேண்டும், மூன்று நுழைந்தால் தொளதொளப்பு. பத்து முறை குதிக்கச் சொல்லுங்கள். பட்டை மேலேறினால் வேறு அளவு. இரண்டு வேண்டும், ஒன்று துவைக்க ஒன்று போட. அதன் மேல் தளர்வான டி-ஷர்ட், ட்ராக் பேண்ட். துப்பட்டாவோடு ஸ்கிப்பிங் கூடாது, கயிற்றில் சுற்றிக்கொள்ளும்.

மாதவிடாய் நாளில் விளையாடக் கூடாது என்று மருத்துவத்தில் எந்தத் தடையும் இல்லை. வாரம் மூன்று நாள் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி வரை தொடர்ந்து பயிற்சி செய்பவர்களுக்கு வயிற்றுவலி குறைவதாகத்தான் ஆய்வுகள் காட்டுகின்றன. முதல் நாள் வலி அதிகம் என்றால் நடை போதும். ஆடிய உடனே பேடை மாற்ற வேண்டும். வியர்வையோடு உரசித் தொடையில் புண்ணாகிவிட்டால் அடுத்த மாதம் முழுக்கத் தயங்குவாள்.

சோகையை மறந்துவிட்டுத் திட்டம் போட்டால் பலிக்காது. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் 15 முதல் 19 வயது இந்தியப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரண்டு மாடி ஏறினால் மூச்சு இரைப்பது, கீழ் இமையின் உட்பக்கம் வெளிறியிருப்பது, பச்சை அரிசியோ பல்பமோ தின்ன ஆசை வருவது ஆகியவை அடையாளங்கள். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் முதலில் அதைச் சரி செய்ய வேண்டும். பள்ளியில் வாரம் ஒரு முறை தரும் நீல மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்புச்சத்தும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கிறது. சாப்பிட்ட பிறகு விழுங்க வேண்டும், முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காபி கூடாது. மலம் கறுப்பாகப் போவது இயல்பு. அதைப் பார்த்துப் பயந்து பையிலேயே மாத்திரையைப் பதுக்கும் பெண்கள் நிறைய. முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சோர்ந்துபோய்ப் படுத்துக்கொண்டு ஸ்க்ரோல் செய்யும் பெண்ணைச் சோம்பேறி என்று திட்டுவதற்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள்.

மூன்றாம் வாரத்திலிருந்து: இரவு ஃபோன்

பகலைத் தொடாதீர்கள், இரவிலிருந்து தொடங்குங்கள். 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். தூக்கம் கெட்டால் மாலையில் கால் எழும்பாது. கால் எழும்பாத மாலை மறுபடியும் ரீல்ஸுக்குப் போகும். இந்தச் சக்கரத்தை உடைக்க எளிதான இடம் இரவுதான்.

ஹாலில் ஒரு சார்ஜர் பலகை வையுங்கள். இரவு ஒன்பதரைக்கு அப்பா ஃபோன், அம்மா ஃபோன், அவள் ஃபோன் மூன்றும் அங்கே. உங்கள் ஃபோன் தலையணைக்கு அடியில் இருந்தால் இந்தத் திட்டத்தை ஆரம்பிக்கவே வேண்டாம், அவள் ஒரு நாளும் மதிக்க மாட்டாள். அலாரத்துக்கு ஃபோன் வேண்டும் என்பாள். இருநூறு ரூபாய்க்குள் ஒரு டைம்பீஸ் வாங்கிவிடுங்கள். ஹோம்வொர்க் வாட்ஸ்ஆப் குரூப்பில் இரவு பத்து மணிக்கு வருகிறது என்பாள். அது உண்மையாகவும் இருக்கலாம். வகுப்பாசிரியரிடம் எட்டு மணிக்குள் போடச் சொல்லிப் பெற்றோர் நாலு பேர் சேர்ந்து கேட்டால் நடக்கும்.

சொல்லும் விதம் முக்கியம். "எந்நேரமும் ஃபோன்தானா? குடுடி இங்க!" என்றால் கதவு சாத்தும். "ஒன்பதரைக்கு மூணு ஃபோனும் பலகைக்குப் போவுது கண்ணு, உன் ஸ்ட்ரீக்கெல்லாம் அதுக்கு முன்னாடி அனுப்பிடு" என்றால், முனகிக்கொண்டே வைப்பாள். முனகல் இரண்டு வாரம் இருக்கும். அதற்குப் பதில் சொல்லத் தேவையில்லை.

நான்காம் வாரத்திலிருந்து: பகல் ஃபோன்

நோட்டில் உள்ள சராசரியிலிருந்து வாரத்துக்கு 20 நிமிடம் குறையுங்கள். தினம் 4 மணி நேரம் என்றால் அடுத்த வாரம் 3 மணி 40 நிமிடம். ஒரேயடியாக ஒரு மணிக்கு இறக்கினால் உடையும். ஆண்ட்ராய்டில் டிஜிட்டல் வெல்பீயிங்குக்குள் அந்தந்த ஆப்புக்கு டைமர் வைக்கலாம். ஐஃபோனில் 'ஆப் லிமிட்ஸ்'. ஆண்ட்ராய்டு டைமரை அவளே நீக்கிக்கொள்ள முடியும், பிரவுசர் வழியாக இன்ஸ்டாவைத் திறக்கவும் முடியும். பூட்டை நம்பாதீர்கள். டைமர் மணி அடிப்பது போலத்தான், நிறுத்துவது அவள்.

நோட்டிஃபிகேஷனில் மனிதர்கள் அனுப்புவதை மட்டும் வைத்துவிட்டு மற்றதையெல்லாம் அணைத்தால், ஃபோனைத் திறக்கும் எண்ணிக்கை முதல் வாரமே இறங்குவது நோட்டில் தெரியும். யூடியூபில் வாட்ச் ஹிஸ்டரியை அழித்து நிறுத்திவிட்டால் முகப்பில் பரிந்துரைகள் வராது, பாடம் தேடப் போனவள் ஷார்ட்ஸில் சிக்குவது குறையும். இன்ஸ்டாகிராமில் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கான டீன் கணக்கு இந்தியாவில் 2025-ல் வந்தது: கணக்கு தானாகவே பிரைவேட், 60 நிமிடத்தில் நினைவூட்டல், இரவு 10 முதல் காலை 7 வரை நோட்டிஃபிகேஷன் அமைதி, 16 வயதுக்குக் கீழ் என்றால் இவற்றைத் தளர்த்தப் பெற்றோர் அனுமதி வேண்டும். இவை எதுவும் வேலை செய்யவில்லை என்றால், கணக்கு தொடங்கும்போது வயதைக் கூட்டிக் காட்டப் பிறந்த வருடத்தைக் குறைத்துப் போட்டிருப்பாள். திட்டாமல் உட்கார்ந்து மாற்றுங்கள்.

ரகசியமாக இரண்டாவது கணக்கு இருப்பது தெரியவந்தாலும் அதை உடைக்காதீர்கள். அதில் அவள் நெருங்கிய ஆறேழு தோழிகள் மட்டும் இருப்பார்கள். அதில் தெரியாதவர்கள் யாரும் இருக்கிறார்களா என்று மட்டும் கேளுங்கள்.

எங்கே உடையும்

பரீட்சையில் உடையும். காலாண்டு வந்ததும் ஸ்கிப்பிங் நின்றுபோகும், ஃபோன் மட்டும் 'டவுட் கேட்க' என்று தொடரும். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பொதுத்தேர்வு நேரத்திலும் மாலை 20 நிமிடத்தை விடாதீர்கள். முக்கால் மணிப் படிப்புக்கு நடுவில் மாடிக்குப் போய் இரண்டு சுற்றுக் குதித்துவிட்டு வருவது ரீல்ஸ் பார்க்கும் இடைவேளையைவிடச் சீக்கிரம் முடியும். பிடி பீரியட் கணக்குக்குப் போவதைப் பற்றிப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுத்தில் கேளுங்கள். பிடி சாரிடம் தனியாகக் கேட்டால் அவர் கையில் இல்லை என்றுதான் சொல்வார்.

கோடை விடுமுறையிலும் உடையும். பகல் முழுக்க வெயில், தோழிகள் ஊருக்குப் போய்விடுவார்கள். ஏப்ரல் கடைசியிலேயே மே மாதத்துக்கு ஒரு வகுப்பில் சேர்த்துவிடுங்கள்: சிலம்பம், நீச்சல், பூப்பந்து, எதுவானாலும் சரி. பாட்டி வீட்டுக்குப் போனால் கயிறும் கூடப் போகட்டும்.

முன்னேற்றத்தை அளக்க மாதம் ஒரு முறை, ஒரு நிமிடத்தில் எத்தனை குதிப்பு என்று எண்ணி நோட்டில் எழுதுங்கள். 40-ல் தொடங்கியவள் 90-க்கு வந்தால் அந்த எண்ணை அவளே தோழிகளுக்கு ஸ்டோரியாகப் போடுவாள். போடட்டும்.

வீட்டோடு முடியாதபோது

இரண்டு வாரமாக ஆறு மணி நேரம்கூடத் தூங்கவில்லை, ஃபோனுக்காகப் பள்ளிக்குப் போக மறுக்கிறாள், சாப்பாட்டைத் தவிர்க்கிறாள், பயிற்சி செய்யாத நாளில் பதறுகிறாள், மூன்று மாதமாக மாதவிடாய் வரவில்லை, கையில் கீறல் தெரிகிறது: இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவி எண் டெலி மனஸ் 14416, எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. ஃபோன், இணையப் பழக்கத்துக்கென்றே பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் 2014 முதல் ஒரு தனி கிளினிக் நடக்கிறது. மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிலும் காட்டலாம்.

யாராவது அவள் படத்தை வைத்து மிரட்டுகிறார்கள் என்றால் அவள் சொல்லும் முதல் வாக்கியத்திலேயே "நீ ஏன் அனுப்பின?" என்று கேட்டுவிடாதீர்கள், இரண்டாவது வாக்கியம் வராது. பணம் கொடுக்க வேண்டாம், உரையாடலை அழிக்க வேண்டாம், ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டுச் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கோ, குழந்தைகள் உதவி எண் 1098-க்கோ அழையுங்கள். அன்று மாலையும் தோழிகள் மாடிக்கு வரட்டும். ஆட முடியாவிட்டாலும் அவர்களோடு உட்கார்ந்திருப்பாள்.